முதல் வாய்க்கு அப்புறம்

போன வாரம் முழுக்க காய்ச்சல், எந்திரிச்சு உக்காரக்கூட தெம்பு இல்ல, படுத்த படுக்கையா பழைய ட்ராவல் ஷோ எபிசோடுங்களை ஒண்ணொண்ணா போட்டு பாத்துக்கிட்டே இருந்தேன். வாய்க்கு எதுவுமே பிடிக்காத நேரத்துல மத்தவங்க சாப்பிடுறதை பாக்குறதுல என்ன சுகம்னு வீட்டுல கேட்டாங்க. பதில் தெரியும், ஆனா அப்போ பேச தொண்டை ஒத்துழைக்கல, அதான் இங்க எழுதுறேன்.

பல வருஷமா இந்த ஷோக்களை பாத்து பாத்து எனக்குன்னு ஒரு அளவுகோல் வந்துடுச்சு. ஹோஸ்ட் முதல் வாய் எடுத்து வெச்சு, கண்ணை மூடி, தலையை ஆட்டி, "ஆஹா"ங்குறாரு இல்ல, அது வரைக்கும் எல்லா ஷோவும் ஒரே மாதிரி தான் இருக்கும். அதுக்கு அடுத்த நிமிஷம் என்ன நடக்குதுன்னு தான் நான் பாப்பேன். அந்த தலையாட்டலோட கட் பண்ணிட்டு அடுத்த கடைக்கு தாவிட்டாங்கன்னா எனக்கு அந்த ஊர் பேரு கூட மனசுல நிக்காது. அதே ஆளு ஸ்பூனை கீழ வெச்சுட்டு, எதிர்ல உக்காந்திருக்குறவரை பாத்து, "இதை உங்களுக்கு யாரு கத்துக்குடுத்தாங்க"ன்னு கேட்டு, கேட்டதுக்கு அப்புறம் வாயை மூடிக்கிட்டு பதிலுக்கு காத்திருந்தாருன்னா, அங்க இருந்து தான் எனக்கு அந்த ஊரு தெரிய ஆரம்பிக்கும்.

இதை எனக்கு புரிய வெச்சவரு ஆன்டனி போர்டெய்ன். பேரை கேட்டதும் பாதி பேருக்கு தெரிஞ்சிருக்கும். நியூயார்க்ல லே ஆல்னு ஒரு ரெஸ்டாரன்ட்ல செஃப்பா இருந்தவரு, சமையலறைக்குள்ள நடக்குறதை உள்ளது உள்ளபடி எழுதி 2000த்துல ஒரு புத்தகம் வந்து பேரு வாங்கி, அதுக்கப்புறம் 2002ல டிவிக்கு வந்தாரு. முதல்ல ஃபுட் நெட்வொர்க்ல ஒரு ஷோ, அப்புறம் 2005ல இருந்து 2012 வரைக்கும் ட்ராவல் சேனல்ல நோ ரிசர்வேஷன்ஸ், அப்புறம் 2013ல சிஎன்என்ல பார்ட்ஸ் அன்நோன், 2018 ஜூன்ல அவரு இறந்து போற வரைக்கும் அது தான். கிட்டத்தட்ட 16 வருஷம். இந்த 16 வருஷத்தை வரிசையா பாத்தா ஒரு மனுஷன் கொஞ்சம் கொஞ்சமா பேச்சை குறைச்சு கேக்க கத்துக்குறதை கண்ணால பாக்கலாம், அது தான் எனக்கு அந்த ஷோக்கள்ல ரொம்ப பிடிச்சது.

ஆரம்பத்துல அப்படி இல்ல. முதல் ஷோவுல வியட்நாம் போனப்போ உயிரோட இருக்குற நாகப்பாம்போட இதயத்தை எடுத்து சாப்பிடுறாரு, அது ஒரு எபிசோட். பாக்குறவங்க மூஞ்சியை சுளிக்கணும், அதே நேரத்துல சேனலை மாத்தாம உக்காந்திருக்கணும், அவ்ளோ தான் அதோட நோக்கம். இன்னைக்கும் யூட்யூப்ல பாதி வீடியோ இந்த வகை தான், "இதை நான் சாப்பிட்டேன் பாருங்க"ன்னு ஒரு தம்ப்நெயில், அதுல பூச்சியோ தேளோ. எனக்கு இந்த வகை மேல கோபமே உண்டு, ஏன்னா ஒரு ஊர்ல ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையா ஆசையா சாப்பிடுற ஒண்ணை நீங்க தைரியப் பரீட்சை ஆக்கிட்டீங்கன்னா அந்த ஊர்க்காரங்களை வேடிக்கைப் பொருள் ஆக்கிட்டீங்கன்னு தானே அர்த்தம். போர்டெய்னும் இதை சீக்கிரமே உணர்ந்துட்டாரு. பாட்டி ரூல்னு ஒண்ணு சொல்லுவாரு. பாட்டி வீட்டுக்கு போயிருக்கீங்க, பாட்டி சமைச்சது உங்களுக்கு பிடிக்கல, ஆனா அது பாட்டி வீடு, அதனால வாயை மூடிக்கிட்டு சாப்பிடணும், இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு கேட்டா போடுங்கன்னு சொல்லணும். உலகம் முழுக்க யாரு வீட்டுக்கு போனாலும் அவருக்கு இதே ரூல் தான். படிக்கும்போது சின்ன விஷயமா தெரியும், ஆனா நமீபியாவுல ஒரு கிராமத்து தலைவர் விருந்தாளிக்குன்னு காட்டுப்பன்றியோட சரியா கழுவாத குடல் பகுதியை எடுத்து குடுக்குறப்போ அதை முகம் மாறாம வாங்கி சாப்பிடணும்னா அந்த ரூல் உள்ள ஊறி இருந்தா தான் முடியும்.

அவரு நிஜமா மாறினது லெபனான் தலைநகர் பெய்ரூட்ல. 2006 ஜூலைல அங்க சந்தோஷமா ஒரு எபிசோட் எடுக்கலாம்னு போனாங்க, நைட் லைஃப், கடற்கரை, மெஸ்ஸேன்னு சின்னச் சின்னதா பரப்பி வெக்கிற சாப்பாட்டு தட்டுங்க, அது தான் ப்ளான். வந்து இறங்கி ஷூட்டிங் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே இஸ்ரேலுக்கும் லெபனான்ல இருக்குற ஹெஸ்புல்லாங்குற ஆயுதக் குழுவுக்கும் சண்டை மூண்டுடுச்சு, ஏர்போர்ட்ல குண்டு, ஹோட்டல் நீச்சல் குளத்து பக்கத்துல இருந்தே ஊர் மேல புகை எழும்புறதை பாக்க வேண்டிய நிலைமை. கடைசியில அமெரிக்க கடற்படை கப்பல்ல ஏத்தி தான் அவங்களை வெளிய கொண்டு வந்தாங்க. அந்த எபிசோட் ஆகஸ்ட்ல வந்துச்சு, அதுல சாப்பாடு ரொம்ப கொஞ்சம். சாயங்காலம் ஜோக் அடிச்சுக்கிட்டு ஊர் சுத்தி காட்டுன பசங்க முகம் மறுநாள் எப்படி மாறி இருந்துச்சுங்குறது தான் மனசுல நிக்குது. இதுக்கப்புறம் அவரால "இந்த கடையில இது சூப்பர்"னு மட்டும் சொல்லி ஷோ பண்ண முடியல, அது அடுத்தடுத்த வருஷங்கள்ல நல்லாவே தெரியும்.

லாவோஸ் எபிசோடை நான் இந்த காய்ச்சல்ல மறுபடி பாத்தேன். ஒரு வீட்டுல சாப்பிட உக்காருறாரு, அந்த வீட்டுக்காரருக்கு ஒரு கையும் ஒரு காலும் இல்ல. 1964ல இருந்து 1973 வரைக்கும் அமெரிக்கா அந்த குட்டி நாட்டு மேல 20 லட்சம் டன்னுக்கு மேல குண்டு போட்டிருக்கு, அதுல வெடிக்காம மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்தது எத்தனையோ, இன்னைக்கும் வயல்ல மண்வெட்டி போட்டா வெடிக்குது. அமெரிக்கக்காரரு ஒருத்தரு அந்த வீட்டு பாயில உக்காந்து அவங்க கையால சாப்பிடுறாரு. அவருக்கு அந்த இடத்துல தொண்டையில இறங்கி இருக்குமான்னு தெரியல, ஆனா கண்ணை வேற பக்கம் திருப்பல. எனக்கு போர் வரலாறு புத்தகத்துல படிச்சா ரெண்டு நாள்ல மறந்துடும், அந்த சாப்பாட்டு கிண்ணத்துக்கு பக்கத்துல இருந்த அந்த கையில்லாத தோள் மறக்காது.

ஈரான் எபிசோட் வேற மாதிரி வலிக்கும். அதுல ஜேசன் ரெஸாயன்னு வாஷிங்டன் போஸ்ட் நிருபரும் அவரு மனைவி யேகனேவும் வராங்க, போர்டெய்னோட உக்காந்து சிரிச்சு பேசிக்கிட்டே சாப்பிடுறாங்க. ஷூட்டிங் முடிஞ்ச சில வாரத்துலயே, 2014 ஜூலைல, ரெண்டு பேரையும் அரெஸ்ட் பண்ணிட்டாங்க. மனைவியை கொஞ்ச மாசத்துல விட்டாங்க, அவரு வெளிய வர 544 நாள் ஆச்சு. எபிசோட் அந்த வருஷம் நவம்பர்ல டிவியில ஓடுனப்போ அவரு உள்ள தான் இருந்தாரு. இது தெரிஞ்சதுக்கப்புறம் அந்த சீனை பாத்தீங்கன்னா, அவங்க தட்டுல இருந்து எடுக்குற ஒவ்வொரு வாயும் வேற மாதிரி தெரியும்.

நம்ம மொழி பேசுறவங்களுக்கு நெருக்கமான எபிசோட் ஒண்ணு இருக்கு, 2017ல வந்த இலங்கை எபிசோட். அதுக்கு முன்னாடி நோ ரிசர்வேஷன்ஸ்ல ஒரு தடவை போயிருக்காரு, அப்போ போர் நடந்துக்கிட்டிருந்த காலம். ரெண்டாவது தடவை கொழும்புல இருந்து யாழ்ப்பாணத்துக்கு ட்ரெயின்ல போறாரு, கிட்டத்தட்ட 10 மணி நேரம். அந்த ரயில் பாதையோட கதை தெரிஞ்சவங்களுக்கு அந்த பயணம் வெறும் பயணம் இல்ல. 1990ல நின்னுபோன பாதை அது, தண்டவாளமே இல்லாம போயி, போர் 2009ல முடிஞ்சு, 2014 அக்டோபர்ல தான் யாழ்ப்பாணம் ஸ்டேஷனுக்கு மறுபடி ரயில் வந்துச்சு. 24 வருஷம். ஒரு தலைமுறை பிள்ளைங்க ரயிலையே பாக்காம வளர்ந்திருக்காங்க. ஒரு அமெரிக்க டிவி ஹோஸ்ட் ஃப்ளைட் புடிச்சு போயிருக்கலாம், அவரு ஜன்னலோர சீட்டுல உக்காந்து தெற்குல இருந்து வடக்கு வரைக்கும் நிலம் மாறுறதை பாத்துக்கிட்டே போறாரு. யாழ்ப்பாணம்ங்குற பேரை அவரு வாயால கேட்டப்போ நான் வீடியோவை நிறுத்திட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

இந்த இடத்துல ஒரு விஷயம். அவருக்கு 2013ம் வருஷத்துக்கான பீபாடி விருது, டிவி ரேடியோ நிகழ்ச்சிங்களுக்கு குடுக்குற பெரிய அமெரிக்க விருது, குடுத்தப்போ மேடையில தன் வேலையை ரொம்ப எளிமையா சொன்னாரு, நாங்க கேக்குறது சாதாரண கேள்விங்க தான், எது உங்களுக்கு சந்தோஷம், என்ன சாப்பிடுவீங்க, என்ன சமைக்கப் பிடிக்கும், இதை கேட்டா எதிர்பாக்காத பதிலெல்லாம் வருதுன்னு. யோசிச்சு பாத்தா அது எவ்ளோ உண்மை. ஒருத்தரை உக்கார வெச்சு உங்க நாட்டு அரசியலை பத்தி சொல்லுங்கன்னா நிமிர்ந்து உக்காந்து ரேடியோ மாதிரி பேசுவாரு. உங்க அம்மா இதை எப்படி செய்வாங்கன்னு கேட்டா, அம்மா எந்த ஊரு, ஏன் அந்த ஊரை விட்டு வந்தாங்க, வந்தப்போ கையில என்ன இருந்துச்சு, அப்போ எண்ணெய் கிடைச்சுதா, எல்லாம் தன்னால வரும்.

ஹோஸ்டே இல்லாத ஷோவும் இதை செய்ய முடியும்னு எனக்கு காட்டினது 2012ல சீன அரசு டிவியில வந்த எ பைட் ஆஃப் சைனா. மொத்தம் 7 எபிசோட், கேமரா முன்னாடி நின்னு "ஆஹா" சொல்ல யாருமே கிடையாது, பின்னணியில ஒரு குரல் மட்டும். தாமரைக்கிழங்கு தோண்டுறவங்களை காட்டுவாங்க, குளிர்காலம், இடுப்பளவு சேறு, அதுக்குள்ள கையை விட்டு துழாவி முழு நீளக் கிழங்கை உடையாம உருவி எடுக்கணும், உடைஞ்சா கிழங்குக்குள்ள இருக்குற ஓட்டை வழியா சேறு போயி வீணாயிடும். அந்த கை சேத்துக்குள்ள மெதுவா தேடுறதை அவ்ளோ பொறுமையா காட்டுவாங்க. அடுத்து அது தட்டுல வெள்ளை வெளேர்னு வட்ட வட்டமா வர்றப்போ நமக்கு பசி வராது, ஒரு மரியாதை தான் வரும்.

அதே மாதிரி நெட்ஃபிளிக்ஸ்ல 2019ல வந்த ஸ்ட்ரீட் ஃபுட்ல பாங்காக் எபிசோட். ஜெய் ஃபாய்னு ஒரு அம்மா, 70 வயசை தாண்டினவங்க, கண்ணுல பெரிய கண்ணாடி கவசம் மாட்டிக்கிட்டு கரி அடுப்பு முன்னாடி நின்னு நண்டு ஆம்லெட் போடுவாங்க, 2017 டிசம்பர்ல நல்ல ரெஸ்டாரன்ட்டுங்களுக்கு குடுக்குற மிஷெலின் ஸ்டார் கிடைச்சவங்க. எல்லாரும் அந்த கண்ணாடியையும் ஸ்டாரையும் பத்தி தான் பேசுறாங்க. எனக்கு அந்த எபிசோட்ல பிடிச்சது, அவங்க முதல்ல தையல் வேலை பாத்தவங்க, ஒரு தீ விபத்துல இருந்ததெல்லாம் போச்சு, அதுக்கப்புறம் தான் சமையலுக்கே வந்தாங்கன்னு சொல்ற இடம். தீயால எல்லாத்தையும் இழந்தவங்க மிச்ச வாழ்க்கை முழுக்க தீ முன்னாடியே நின்னுட்டாங்களேன்னு எனக்கு உள்ளுக்குள்ள என்னவோ பண்ணுச்சு.

ஃபிக்ஸருங்களை பத்தி யாருமே எழுத மாட்டேங்குறாங்க, அதனால நான் எழுதுறேன். ஒரு டிவி டீம் புது ஊருக்கு போறதுக்கு முன்னாடியே அங்க உள்ளூர்ல ஒருத்தரு வேலையை ஆரம்பிச்சிருப்பாரு, அவரு தான் ஃபிக்ஸர். எந்த கடை, எந்த வீடு, யாரு கேமரா முன்னாடி பேசுவாங்க, யாருக்கு பேசுனா பிரச்சனை வரும், பெர்மிட் எங்க வாங்கணும், எல்லாம் அவரு தலையில தான். மொழிபெயர்க்குறதும் பல நேரம் அவரே. நாம திரையில பாக்குற அந்த "தற்செயலா நுழைஞ்ச கடை" அவரு பத்து தடவை போயி சாப்பிட்டு பழகி வெச்ச கடையா இருக்கும். விளம்பரம் போக 42 நிமிஷம் ஓடுற எபிசோட்ல கடைசியில எழுத்துங்க வேகமா ஓடும் பாருங்க, அதுல ஒரு வரி தான் அவருக்கு. டீம் மூட்டை கட்டிட்டு கிளம்பினதுக்கு அப்புறமும் அந்த ஊர்லயே இருக்கப்போறவரு அவரு தான், ஷோவுல யாராவது தப்பா ஏதாவது சொல்லிட்டா கேள்வி அவருகிட்ட தான் வரும். நான் இப்பல்லாம் எபிசோட் முடிஞ்சா உடனே நிறுத்துறதில்ல, அந்த வரி வர்ற வரைக்கும் காத்திருந்து பேரை படிச்சுட்டு தான் நிறுத்துவேன்.

சரி, எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த சீனுக்கு வரேன். 2016 மே 23, ஹனோய். அன்னைக்கு பகல்ல ஒபாமா வியட்நாம் மேல இருந்த ஆயுதத் தடையை முழுசா எடுக்குறதா அறிவிக்கிறாரு, ராத்திரி லே வான் ஹூ தெருவுல ஒரு சாதாரண கடையில, முட்டி மடங்குற உயரத்துல இருக்குற நீல ப்ளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்து போர்டெய்னோட பூன் சா, அதாவது சுட்ட பன்னிக்கறியும் அரிசி நூடுல்ஸும், சாப்பிடுறாரு. பில்லு மொத்தமே 6 டாலர், போர்டெய்ன் தான் குடுத்தாரு. உலகம் முழுக்க போட்டோ பரவுச்சு. அதுல பெரிய பெரிய விஷயம் ஒண்ணும் பேசல, ஹாட் டாக்ல கெட்சப் போடலாமான்னு கேட்டதுக்கு எட்டு வயசுக்கு மேல கூடாதுன்னாரு ஒபாமா. அப்புறம் போர்டெய்ன் ஒரு சின்னப் பொண்ணோட அப்பாவா ஒரு கேள்வி கேப்பாரு, எல்லாம் சரியாயிடுமான்னு. நாகப்பாம்பு இதயம் தின்ன அதே நாட்டுல, 14 வருஷம் கழிச்சு, அதே ஆளு கேட்ட கேள்வி இது.

எனக்கு ஹனோய் போற வாய்ப்பு கிடைச்சப்போ முதல் நாளே அந்த கடைக்கு போனேன். அந்த மேசையை கண்ணாடி கூண்டு போட்டு வெச்சிருக்காங்க, தட்டு, பாட்டில், ஸ்டூல் எல்லாம் உள்ள. மெனுவுல ஒபாமா காம்போன்னே இருக்கு. சாப்பாடு நல்லா இருந்துச்சு, குறை சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா சுத்தி எல்லாரும் என்னை மாதிரியே போன் எடுத்துக்கிட்டு வந்தவங்க, நான் யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசாம சாப்பிட்டு வந்துட்டேன். ரூமுக்கு வந்ததும் மனசு கேக்கல. நான் எதுக்காக இத்தனை வருஷம் அந்த ஷோக்களை பாத்தேனோ அதை செய்யாமலே வந்துட்டேன்னு இருந்துச்சு.

தங்கி இருந்த இடத்துல ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு இருந்துச்சு, அதுகிட்ட நீ மத்தியானம் எங்க சாப்பிடுவேன்னு கேட்டேன். பூன் சா ஹனோய்ல மத்தியான சாப்பாடு, அந்த நேரத்துல தெருவுல புகையை வெச்சே கடையை கண்டுபிடிச்சிடலாம்னு சொல்லிட்டு, ஒரு சந்துப் பக்கம் கையை காட்டுச்சு. கூடவே ஒண்ணு கத்துக்குடுத்துச்சு, கடைக்காரம்மாவை "கோ"ன்னு கூப்பிடுங்கன்னு. கோன்னா அத்தை, அப்பா கூடப்பிறந்த அத்தை. அவங்க மொழியில முன்னப்பின்ன தெரியாதவங்களையும் அக்கா, அண்ணன், அத்தை, பெரியப்பான்னு வயசு பாத்து முறை வெச்சு தான் கூப்பிடணுமாம், வெறும் நீங்கன்னு சொல்றதுக்கு பொது வார்த்தையே வழக்கத்துல கிடையாதுன்னுச்சு. எனக்கு அதை கேட்டதுமே அந்த ஊரு பாதி புரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

சந்துக்குள்ள நுழையும்போதே புகை. நடைபாதையில ஒரு அம்மா குந்தி உக்காந்துக்கிட்டு கம்பி வலைக்கு நடுவுல பன்னிக்கறி துண்டுங்களை அடுக்கி கரியில சுட்டுக்கிட்டு, இன்னொரு கையில விசிறி. "கோ"ன்னு கூப்பிட்டேன், நிமிர்ந்து பாத்துட்டு விசிறியாலயே ஸ்டூலை காட்டுனாங்க. ஒரு கிண்ணத்துல மீன் சாஸ், வினிகர், சக்கரை கலந்த வெதுவெதுப்பான தண்ணி, அதுல மெல்லிசா சீவுன பச்சை பப்பாளி, அதுக்குள்ள சுட்ட கறி மிதக்குது. தனியா ஒரு தட்டுல வெள்ளை அரிசி நூடுல்ஸ். இன்னொரு கூடையில மலை மாதிரி இலைங்க, புதினா, மல்லி, ஒரு பக்கம் பச்சையும் மறு பக்கம் ஊதாவுமா ஒரு இலை. நான் நூடுல்ஸை மொத்தமா தூக்கி கிண்ணத்துல போடப் போனேன், அந்தம்மா விசிறியை போட்டுட்டு ஓடி வந்து என் கையை புடிச்சாங்க. ஒரு வாய்க்கு உண்டானதை மட்டும் எடுத்து, முக்கி, கூட ரெண்டு இலை, அவ்ளோ தான். மொத்தமா போட்டா ஊறிடும், கடைசி வாய் முதல் வாய் மாதிரி இருக்காதுன்னு, பக்கத்துல உக்காந்திருந்த ஆபீஸ் போற பையன் எனக்கு இங்கிலீஷ்ல சொன்னான்.

கூட்டம் குறைஞ்சதும் அந்தம்மா வந்து என் எதிர்லயே ஒரு ஸ்டூலை போட்டு உக்காந்தாங்க. நான் என்ன கேக்கலாம்னு மனசுக்குள்ள வரிசை போட்டு வெச்சிருந்தேன், அதுக்குள்ள அவங்களே கேட்டுட்டாங்க, உங்க வீட்டுல யாரு சமைப்பாங்கன்னு. பையன் மொழிபெயர்த்தான். நான் தான்னு சொன்னேன். அவங்க நம்பல. கையை நீட்டச் சொன்னாங்க, திருப்பி பாத்தாங்க, மணிக்கட்டுக்கு மேல எண்ணெய் தெறிச்ச பழைய தழும்பு ஒண்ணு இருக்கு, அதை விரலால தொட்டு பாத்துட்டு, தன் முழங்கையை மடக்கி என் கைக்கு பக்கத்துல வெச்சாங்க. அதுல கம்பி வலை சுட்ட கோடுங்க, ஒண்ணு ரெண்டு இல்ல, புதுசும் பழசுமா வரிசையா. பையன் ஏதோ சொல்ல வந்தான், அவங்க வேணாம்னு கையை காட்டிட்டு, எழுந்து போயி வலையில இருந்து ஒரு துண்டு எடுத்து என் கிண்ணத்துல போட்டுட்டு திரும்ப அடுப்புக்கு போயிட்டாங்க.